அச்சில் வராத நாற்பத்தாறு வரிகள்

தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் துறைத்தலைவர் அம்மா அவர்களே! அவருக்கு வலப்பக்கம், இந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் மேனாள் ஆய்வேட்டு விதிக் குழுத்தலைவர் ஐயா அவர்களே! தீர்மானத் தாளால் விசிறிக்கொண்டிருக்கும் நூலகர் அவர்களே! மூன்றாவது வரிசையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு அதை அணைத்தும் வைத்திருக்கும் அளவுகோல்காரர் அவர்களே! முன்வரிசையில் என் தம்பியின் மனைவியே, மகளே! பின்னால் இடமில்லாமல் நிற்கும் மாணவப் பிள்ளைகளே! எல்லோருக்கும் வணக்கம்.

மரியாதைக்காக மட்டும் நான் இப்படி ஒவ்வொருவராக விளிக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, இதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குழு அறையில் ஆறு பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம் கோட்டு ஐயா. அவருக்கு இடப்பக்கம், கையில் இரும்பு ஸ்கேலோடு அளவுகோல்காரர். ஜன்னல் ஓரம் நூலகர்; அன்று அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. எதிரே, நாற்காலியின் நுனியில், ஆய்வேடு கொடுக்க வந்த ஒரு மாணவி. அந்த மாணவிதான் இன்றைய துறைத்தலைவர் அம்மா. சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், அதோ படத்தில் இருக்கிறாரே, அவர். கதவுப் பக்கம், பைண்டு செய்து முடித்த அந்த ஆய்வேட்டின் இரண்டாம் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு நான். ஆறு பேர். அவர்களில் ஐந்து பேர் இன்று இந்தக் கூடத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். ஆகவே, "எனக்கு ஞாபகம் இல்லையே" என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்கு இருக்கிறது.

எனக்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் எதிர் மேசையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். வருஷத்துக்கு ஆறு விநாடி வீதம் பேசச் சொல்கிறார்கள் போலிருக்கிறது!

பேச்சைத் தொடங்கும் முன் எல்லோரும் ஒரு தடவை சுவரைப் பாருங்கள். புரொஜெக்டரில் படம் போட்டிருக்கிறார்கள். நடுவில் என் தம்பியின் முகம். மேலே "இரங்கல் கூட்டம்" என்று இருக்கிறது. கீழே, ஓரத்தில், சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது? நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். படிக்கிறேன், சரிதானா பாருங்கள். "பேசுபவர் பெயர் இங்கே." அதற்குப் பக்கத்தில், "துறையின் பெயர் இங்கே."

சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. வெட்கப்பட வேண்டியவர்கள் மேடையில் இருக்கிறார்கள்.

அந்தச் சட்டம், அந்த நிறம், அந்தக் கீழ்வரி எல்லாம் அவர் செய்து வைத்தது. பெயரை ஒரே ஒரு இடத்தில் எழுதினால் போதும், எல்லா ஸ்லைடிலும் தானாகப் போய் உட்காரும். அப்படிச் செய்து வைத்துவிட்டுப் போனவரின் இரங்கல் கூட்டத்தில், அந்த ஒரு இடத்தில்கூட எழுத உங்களுக்குக் கை வரவில்லை! இதுதான் இந்த நிறுவனம். ஒருவர் செய்ததை எடுத்துக்கொள்ளத் தெரியும். எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கத் தெரியாது.

யார் இவர்? அச்சகப் பிரிவில் கடைசி மேசைக்காரர். பக்கம் அமைப்பவர். கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்கு அடுத்த அறை எங்களுடையது. ஜெனரேட்டர் ஓடினால் மேசையில் ஊசி நடனமாடும். ஒரு மூலையில் என் தையல் மேசையும் பசைக் கிண்ணமும். எதிர் மூலையில் அவருடைய கம்ப்யூட்டர். நடுவில் தாள் வெட்டும் மெஷின். தாள் தூசி விழாமல் இருக்க டீ கிளாஸின் மேல் ஒரு அட்டைத் துண்டை மூடி வைத்திருப்பார். அந்த அட்டையில்கூட நான்கு பக்கமும் சமமாக ஓரம் விட்டுக் கோடு போட்டிருப்பார். உலகத்தில் எதைக் கொடுத்தாலும் முதலில் ஓரத்தைப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டார். "இடது பக்கம் நெருக்கிட்டாங்களே அக்கா" என்பார். அதனால்தான் ஓரக்காரர் என்று பெயர் வந்தது. வைத்தவள் நான். கூடப் பிறக்கவில்லை, ஆனால் என்னை அக்கா என்று கூப்பிட்ட தம்பி.

மாதிரி என்று ஒன்று வருவதற்கு முன்னால் இங்கே எப்படி இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நீங்கள் டெம்ப்ளேட் என்கிறீர்கள், நாங்கள் மாதிரி என்போம். தையற்காரர் காகிதத்தில் ஒரு தடவை வெட்டி வைத்துக்கொண்டு, அதை வைத்து நூறு சட்டை தைக்கிறாரே, அது போல. அது இல்லாத காலத்தில், நாலைந்து வருஷம் கண் புண்ணாகப் படித்து எழுதிய ஆய்வேட்டைக் கொண்டுபோய் அளவுகோல்காரர் முன்னால் வைப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்க மாட்டார். ஸ்கேலை வைப்பார்.

"ரெண்டு மில்லிமீட்டர் குறையுது. போயிட்டு வா."

"சார், வைவா தேதி தள்ளிப் போயிடும் சார்."

"தேதி போகட்டும், ஓரம் வரட்டும்."

எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்! ஒருமுறை ஓரம். ஓரம் சரியென்றால் பக்க எண். அது கீழே இருக்கக் கூடாது, மேலே வலது மூலையில். அது சரியென்றால், அட்டவணையின் தலைப்பு அட்டவணைக்கு மேலே, படத்தின் தலைப்பு படத்துக்குக் கீழே. ஒரு பத்தியைச் சேர்த்தால் பொருளடக்கத்தில் எல்லா எண்ணும் மாறிப்போகும், மறுபடி முதலிலிருந்து கையால் திருத்த வேண்டும். அளவுகோல்காரர் அவர்களே, கருவியைப் போட்டுக் கேளுங்கள். உங்களால் அழுத பிள்ளைகள் எங்கள் கீழ்த்தளப் படிக்கட்டில்தான் வந்து உட்கார்ந்து அழுதார்கள். கண்ணீர் பட்ட படியைத் துடைத்தவள் நான். கணக்கு வைத்திருக்கிறேன்.

அப்படி ஒரு நாள் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஆய்வேட்டை மடியில் வைத்து, அதன் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்குகிறாள்.

"யாருக்கா அது படியில?" என்றார் ஓரக்காரர்.

"அளவுகோல் கடிச்ச கேஸு," என்றேன்.

எழுந்து போனார். "எத்தனாவது தடவம்மா?"

"மூணு அண்ணா."

"நாலாவது தடவ நடக்காது. எந்திரி. கண்ணத் தொடச்சிக்க. தாள் நனையுது பாரு."

அந்தப் பெண் ஆறு மாத நீட்டிப்பு வாங்கி வந்தாள். அந்த ஆறு மாதமும், தன் வேலை முடிந்த பிறகு, மதிய உணவு இடைவேளையில், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்த மாதிரியைக் கட்டினார். விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதியாக உள்ளே ஏற்றினார். எழுதுபவர் எழுதினால் மட்டும் போதும். தலைப்புப் பக்கம், பொருளடக்கம், அத்தியாய எண், பட எண், மேற்கோள் நூல் பட்டியல் எல்லாம் தானாக வந்து வரிசையில் நிற்கும். பத்தியை மாற்றினால் எண்ணும் மாறும். அதே கோப்பிலிருந்தே வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு ஸ்லைடும் வரும். பேரையும் தலைப்பையும் இரண்டாம் தடவை அடிக்க வேண்டாம்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அந்த மாதிரியில் என் உடம்பும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றார்.

"அக்கா, தைக்கறதுக்கு உங்களுக்கு எவ்வளவு எடம் வேணும்?"

"இவ்வளவு," என்று கட்டைவிரலைத் தாளின் மேல் படுக்க வைத்தேன். "நுனியிலேருந்து கணு வரைக்கும். அதுக்கு மேல ஒரு நூல் தள்ளி."

"விதிப் புத்தகத்துல வேற அளவு போட்டிருக்கே."

"விதி எழுதினவரு தையல் போட்டாரா, நான் போடறேனா?"

குனிந்து என் கட்டைவிரலை அளந்தார். முப்பத்தைந்து மில்லிமீட்டர். புத்தகத்தில் இருந்ததைவிட மூன்று அதிகம். "குறையறதுதானே தப்பு, கூடறது தப்பில்லையே" என்று அதையே போட்டார். இந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளின் இடது ஓரம் எங்கிருந்து வந்தது என்று கோட்டு ஐயாவைக் கேட்டால் சர்வதேசத் தரம் என்பார். ஐயா, அது என் கட்டைவிரல்!

ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. நேரம் முடிந்தது என்று எழுதியிருப்பார்கள். எனக்குச் சரளமாகப் படிக்க வராது என்று முன்பே சொல்லிவிட்டேன். நிதானமாக வீட்டில் போய்ப் படித்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணின் ஆய்வேடுதான் மாதிரியில் வந்த முதல் ஆய்வேடு. "நீதாம்மா எனக்கு முதல் பக்கம்" என்றார் அவர். அன்றிலிருந்து அவளுக்கு எங்கள் அறையில் அதுதான் பெயர். "முதல் பக்கம் வந்துச்சாக்கா?" "முதல் பக்கத்துக்கு டீ சொல்லுங்க." நான் தைத்துக் கொடுத்தேன். அவள் கொண்டுபோய் அளவுகோல்காரர் முன்னால் வைத்தாள். அவர் ஸ்கேலை வைத்தார். ஒரு பக்கம், பத்து பக்கம், நூறு பக்கம். ஒரு இடத்திலும் குறை இல்லை. மனுஷருக்கு வியர்த்துவிட்டது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கோட்டு ஐயாவிடம் ஓடினார். குறை இருக்கிறது என்று குழு கூட்டியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குறை இல்லை என்பதற்காகக் குழு கூட்டிய இடம் இது ஒன்றுதான்!

அதுதான் நான் சொன்ன செவ்வாய்க்கிழமை. அச்சகப் பிரிவிலிருந்து எங்கள் இருவரையும் மேலே கூப்பிட்டிருந்தார்கள்.

"சார், பதினேழு வருஷத்துல இப்பிடி ஒரு தீசிஸ் வந்ததில்ல," என்றார் அளவுகோல்காரர். "ஒரு தப்புகூட இல்ல. இதுல என்னமோ தப்பு இருக்கு."

கோட்டு ஐயா புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். "யாரும்மா இதச் செஞ்சு குடுத்தது?"

அவள் சுவரோரம் நின்றவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "யாருமில்ல சார். விதிப் புத்தகத்தப் பாத்து நானே அமைச்சேன்."

"விதிப் புத்தகம் யாரோடது?"

"குழுவோடது சார்."

"அப்ப இது குழுவோட மாதிரிதானே?"

நூலகர் தலையாட்டினார். அவர் எதற்கும் ஆட்டுவார். இப்போதும் ஆட்டுகிறார் பாருங்கள். நான் வாயைத் திறந்தேன். சுவரோரம் நின்ற மனுஷர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தார். நான் வாயை மூடினேன். மூடியிருக்கக் கூடாது.

படி இறங்கும்போது பிடித்துக்கொண்டேன். "ஏன்டா தம்பி, வாயில பசையா தடவியிருந்துச்சு?"

"அக்கா, வெளியாள் கை பட்டுச்சுன்னா தீசிஸ் செல்லாதுன்னு விதி இருக்கு. அந்தப் பொண்ணோட அஞ்சு வருஷம் போயிடும்."

"உன் பேரு போச்சே!"

"போகலக்கா. உள்ள எழுதியிருக்கேன்," என்று சிரித்தார். "அச்சுல வராது. ஆனா இருக்கு."

எனக்கு அன்று புரியவில்லை. பிறகு விளக்கினார். அந்தக் கோப்பில் ஒரு வரியின் தலையில் சதவீதக் குறி போட்டுவிட்டால், அந்த வரி தாளில் வராதாம். திறந்து வேலை செய்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியுமாம். பின்னால் வருபவருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அப்படித்தான் எழுதி வைப்பார்களாம்.

அந்தப் பெண் அன்று பொய் சொன்னாள். பயந்து சொன்னாள். பயந்த பிள்ளையை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்று வருஷத்தில் அவள் இங்கேயே ஆசிரியை ஆனாள். மாதிரியைப் பராமரிக்கும் பொறுப்பும், அதைத் திறக்கும் ரகசியச் சொல்லும் அவள் கைக்குப் போயின. அப்போது கோட்டு ஐயாவுக்கு ஒரு ஞானம் பிறந்தது. "ரெண்டு பக்கமும் ஓரம் சமமா இருந்தாத்தான் அழகு" என்றார். அவர் சொன்னார், இவள் மாற்றினாள். முப்பத்தைந்து இருபதாகிவிட்டது. அந்தப் பருவத்தில் அறுபத்து மூன்று ஆய்வேடு என் மேசைக்கு வந்தன. தைத்தால் ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்து தையலுக்குள் போகிறது! ஒரு பிள்ளை தன் புத்தகத்தை இரண்டு கையாலும் பிளந்து, கோழியைப் பிடித்தவன் போல நெஞ்சோடு அழுத்திக்கொண்டு படித்ததை என் கண்ணால் பார்த்தேன். பழி யார் தலையில் விழுந்தது? "தையல் பிரிவின் கவனக்குறைவு" என்று எனக்கு ஓலை வந்தது. வைத்திருக்கிறேன். இதோ, பையில் இருக்கிறது. மடிப்புகூடக் கலையவில்லை.

எனக்காக அவர் எழுந்தார். தனக்காக வாய் திறக்காதவர், எனக்காக மாடி ஏறிப் போய், "தப்பு ஓரத்துல இருக்கு, ஊசியில இல்ல" என்று சொன்னார். சொன்னதற்குப் பரிசாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம், விளக்குமாற்றுக்கும் பழைய நாற்காலிக்கும் காவல். ஓரம் மட்டும் சத்தமில்லாமல் முப்பத்தைந்துக்குத் திரும்பி வந்தது. மன்னிப்புக் கேட்டு யாரும் வரவில்லை.

ஆனால் என்ன ஆயிற்று தெரியுமா? பிள்ளைகள் கிடங்கைத் தேடிப் போனார்கள்! உடைந்த நாற்காலிகளில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டார்கள். "அண்ணா, படம் அடுத்த பக்கத்துக்கு ஓடுது." "படத்தத் துரத்தாதப்பா, எழுதி முடி. எடம் பாத்து அதுவே உக்காரும்." "அண்ணா, ஸ்லைடுல முழுப் பத்தியும் போடலாமா?" "போடு. பின்வரிசையில ஒருத்தர் தூங்குவாரு. மார்க்குப் போடறவரு அவருதான்." இந்தக் கூடத்தில் எத்தனை பேர் அந்தக் கிடங்கில் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள் மேடையே, நன்றாக நிமிர்ந்து பாருங்கள்!

இவ்வளவும் செய்தவருக்கு இன்று தீர்மானம் வாசித்தார்கள். கேட்டீர்களா? "மாதிரி உருவாக்கத்தில் குழுவுக்கு உதவிய தொழிலாளி." உதவிய! அடுப்பு மூட்டி, உலை வைத்து, வடித்து இறக்கியவரைச் சமையலுக்கு உதவியவர் என்பீர்களா? அவர் மனைவி அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிரும்மா. குனிய வேண்டியவர்கள் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த வாசகத்தைத் திருத்தும் வரை நான் இந்த ஒலிபெருக்கியை விடப்போவதில்லை. ஆதாரம் கேட்பீர்கள். கேளுங்கள். கொண்டுவந்திருக்கிறேன்.

என் பேத்தி இங்கேதான் ஆராய்ச்சி செய்கிறாள், அதோ தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். போன வாரம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகள் அலமாரியிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து, "அத்தை, அப்பா இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு" என்று கையில் வைத்தாள். அதில் பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய அந்த மாதிரிக் கோப்பு, அவர் கட்டியபடியே இருக்கிறது. பேத்தியிடம் கொடுத்து, "அச்சுல வராத வரிய மட்டும் எனக்குப் படி" என்றேன். படித்தாள். பிறகு பல்கலைக்கழகம் இன்று கொடுக்கிற மாதிரியைத் திறந்து, அதிலும் அச்சில் வராத வரிகளைப் படிக்கச் சொன்னேன்.

"இடது ஓரம் முப்பத்தைந்து. இது பைண்டிங் அக்காவின் கட்டைவிரல். குறைக்காதே." அதில் இருக்கிறது, இதிலும் இருக்கிறது! "தலைப்பை இங்கே ஒரு தடவை எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்." அதிலும் உண்டு, இதிலும் உண்டு. "இந்த இடத்தில் அவசரப்படாதே, டீ குடித்துவிட்டு வா." இரண்டிலும் உண்டு. குழுவின் மாதிரி என்கிறீர்களே, உங்கள் குழுவா டீ குடித்துவிட்டு வரச் சொல்லியது?

நான் படிக்காதவள். ஆனால் எண்ணத் தெரிந்தவள். முப்பத்தோரு வருஷம் தாள் எண்ணிய கை இது. ஒரு தாள் குறைந்தால் தைக்கும் முன்பே விரல் சொல்லிவிடும். பேத்தி படிக்கப் படிக்க விரல் மடக்கிக்கொண்டே வந்தேன். பழையதில் நாற்பத்தாறு வரி. இன்றையதில் நாற்பத்தைந்து.

"மறுபடி படிடி."

"சரியாத்தான் பாட்டி படிச்சேன்."

"ஒண்ணு குறையுது. எதுன்னு பாரு."

பார்த்தாள். முதல் வரி. பழையதில் எல்லாவற்றுக்கும் மேலே, தலைவாசல் போல நிற்கிற வரி. அதில் அவருடைய முழுப் பெயர் இருக்கிறது, அவர் அப்பா பெயரோடு. "இதை அமைத்தவன்" என்று எழுதி, பெயருக்குப் பின்னால், "கீழ்த்தளம், கடைசி மேசை. பிழை இருந்தால் வந்து சொல்லுங்கள்." அவ்வளவுதான். அந்த ஒரு வரி இன்றையதில் இல்லை.

யார் எடுத்தது? கோட்டு ஐயாவா? அவர் தாளில் வந்ததை மட்டும் பார்ப்பவர். தாளில் வராத வரி ஒன்று உண்டு என்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும், முகத்தைப் பாருங்கள். அளவுகோல்காரரா? அவருக்கு ஸ்கேலைத் தவிர எதையும் திறக்கத் தெரியாது. நூலகர் தலையாட்டுவாரே தவிர விரலை ஆட்ட மாட்டார். கோப்பைத் திறக்கத் தெரிந்தவர், திறக்கும் சொல் கையில் இருந்தவர், நாற்பத்தைந்தையும் படித்து, அவற்றை விட்டுவிட்டு, சரியாக அந்த ஒன்றை மட்டும் எடுத்தவர் யார்? பதவி உயர்வு விண்ணப்பத்தில் தன் சேவைகளின் பட்டியலில் "ஆய்வேட்டு மாதிரி வடிவமைப்பு" என்று எழுதியவர் யார்? அந்த விண்ணப்பத்தையும் நான்தான் பைண்டு செய்தேன் அம்மா. மறந்துவிட்டீர்களா?

என் தம்பிக்கு இது தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில், மூச்சுக்கு நடுவே, சம்பந்தமில்லாமல் ஒன்று சொன்னார். "அச்சுல வராத வரிக்காக யாராவது சண்ட போடுவாங்களாக்கா? விடுங்க." சுரத்தில் உளறுகிறார் என்று நினைத்து நெற்றியைத் துடைத்துவிட்டேன். இப்போது புரிகிறது.

நான் சண்டை போடுவேன் தம்பி. உனக்கு வராது. எனக்கு வரும்.

தாளில் வந்த பெயரை எடுத்திருந்தால்கூட எனக்குப் புரியும். பேராசை என்று விட்டிருப்பேன். இது யார் கண்ணிலும் படாத வரி! இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. யாருடைய புகழும் ஒரு குன்றிமணி குறைந்திருக்காது. ஒரு மனுஷர் தனக்கென்று உலகத்தில் வைத்துக்கொண்டது அந்த ஒற்றை வரி. அதைக்கூடவா? அதைக்கூடவா?

அவையோரே! இரங்கல் கூட்டத்தில் அவர் வழியில் பணி தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொல்வார்கள். நானும் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் பெரிய வாசலுக்கு எதிரே பைண்டிங் கடையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வேடு முடிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் என்னிடம்தான் வருகிறார்கள். உங்களில் யாரும் மாதிரியைப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். முன்னால் முடித்த அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் வாங்கி, அதில் பெயரை மாற்றிக்கொள்கிறீர்கள். இனிமேல் என் கடையில், என் பேத்தி கொடுக்கிற கோப்பிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நாற்பத்தாறு வரி இருக்கும். அடுத்தவருக்குக் கொடுக்கும்போது நாற்பத்தாறையும் எண்ணிக் கொடுங்கள். கை கைக்கு, கோப்பு கோப்புக்கு, அவர் பெயர் போய்க்கொண்டே இருக்கட்டும். அச்சில் வர வேண்டாம். இருக்கட்டும்! மேடையில் இருப்பவர்களே, எத்தனை ரகசியச் சொல் வைத்திருந்தாலும் எத்தனை பேருடைய கோப்பைத் திறந்து அழிப்பீர்கள்?

கடைசியாக ஒரு பாக்கி. இறந்தவர் முன்னால் மனக்குறையைத் தீர்த்துக்கொண்டு போக வேண்டும் என்பார்கள். தீர்த்துக்கொள்கிறேன்.

அளவுகோல்காரர் அவர்களே, அவர் படுக்கையில் கிடந்தபோது நீங்கள் வந்தீர்கள். "உன் மாதிரி வந்தப்புறம் எனக்கு வேலையே இல்லாமப் போச்சுடா" என்று சொல்லி, அவர் காலைப் பிடித்துவிட்டீர்கள். உங்களை முக்கால் பங்கு மன்னித்தேன். மீதிக் கால் பங்கு அந்தப் படிக்கட்டுக்கு. நூலகர் அவர்களே, நீங்கள் தலையை ஆட்டியதை மன்னித்தேன்; கழுத்து உங்களுடையது, கயிறு வேறு யாருடையதோ. கோட்டு ஐயா அவர்களே, உங்களையும் மன்னித்தேன். நீங்கள் எங்களைப் பார்த்ததே இல்லை. பார்க்காதவர் மிதித்தால் வலிக்கும், ஆனால் வஞ்சம் வராது. அந்த ஓலையை மட்டும் போகும்போது மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னையும், இன்று இவ்வளவு பேசியதால், கொஞ்சம் மன்னித்துக்கொள்கிறேன்.

ஆறு பேரில் இன்னும் ஒருவர் இருக்கிறார். பதவிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன். அது இந்த நிறுவனம் கொடுத்தது. என் தம்பி கொடுத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். படிக்கட்டில் அழுதவளை எழுப்பி, டீ வாங்கிக் கொடுத்து, ஆறு மாதம் உட்கார்ந்து கட்டிக் கொடுத்து, அவளுக்காக வாயை மூடிக்கொண்டு போன மனுஷர் ஆசையாக வைத்த பெயர். தலைமை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்தத் துண்டுச் சீட்டை எனக்கு அனுப்பியது நீதான். பயந்து சொன்ன பொய்யை மன்னித்தேன். பயமே இல்லாத காலத்தில் ஒரு வரியை எடுத்தாயே, அதை மன்னிக்க மாட்டேன். தீர்மானத்தைத் திருத்தினாலும் மாட்டேன், திருத்தாவிட்டாலும் மாட்டேன்.

உன்னைத்தான் சொல்கிறேன், முதல் பக்கம்.